ஓசி வண்டி உத்தியோகம்



பெருந்துறைப் பக்கம் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாமாண்டு படிக்கிற தம்பி ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. "அண்ணா, பைக் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆகோணும்னா என்னங்ணா படிக்கோணும்? எங்கப்பா, 'ஊரான் வண்டிய ஓசியில ஓட்டிப்போட்டு எழுதறதெல்லாம் ஒரு உத்தியோகமாடா'ங்கறாரு. அவருக்கு என்ன பதில் சொல்றதுங்ணா?" என்று கேட்டிருக்கிறார். தனியாகப் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது இந்தப் பக்கத்துக்கான விஷயமாகவே நீண்டுவிட்டது. அப்பாவும் படிக்கட்டும்.

ஓசி வண்டி என்பது பொய்யில்லை. புது மாடல் வந்தால் கம்பெனியே வண்டியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லும். ஆனால் மாதத்தில் சாலையில் இருக்கிற நாட்கள் சொற்பம். மீதியெல்லாம் காகித விலை, அட்டைப்படம், மெய்ப்பு, வராத விளம்பரப் பாக்கி, விற்காமல் கட்டுக்கட்டாகத் திரும்பி வரும் பிரதிகள் என்றே கழியும். வெளியீட்டாளரும் நீங்களே என்றால் மாதக் கடைசியில் அச்சகத்துக்குப் பணம் கட்டுவதும் உங்கள் தலையில்தான். இதற்கென்று ஒரு படிப்பு எந்தக் கல்லூரியிலும் இல்லை. ஆகவே இந்த வேலையைச் செய்தவர்கள் சிலருடைய கதையைச் சொல்கிறேன். எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

சூலூர் பக்கத்துக் கலங்கலிலிருந்தே தொடங்கலாம். 1893இல் அங்கே பிறந்த ஜி.டி. நாயுடு பத்திரிகை நடத்தியவர் அல்ல. ஆனால் அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைக் கோவையில் யாரும் சொல்ல முடியாது. வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வருகிறார். மாடும் குதிரையும் பூட்டாமல் ஓடும் வண்டியை அந்தப் பையன் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த அதிகாரியிடமே போய் வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கிய வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுத் திரும்பவும் தானே பூட்டினார் என்பது ஊரறிந்த கதை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டது, அதை யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்த்தது, 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தது எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. என் கணக்கில் கொங்கு நாட்டின் முதல் ரோடு டெஸ்ட் கலங்கல்காரர் செய்ததுதான். என்ன, அதை யாரும் அச்சில் ஏற்றவில்லை.

ரட்ஜ் கம்பெனி இருந்தது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில். அந்தக் கம்பெனியின் விற்பனைப் பொறுப்பில் இருந்துகொண்டே அதன் வண்டியில் பந்தயமும் ஓட்டியவர் கிரஹாம் வாக்கர். முதல் உலகப் போரில் மோட்டார் சைக்கிளில் கடுதாசி கொண்டுபோகும் 'டெஸ்பாட்ச் ரைடர்' ஆக இருந்து காலில் அடிபட்டவர். அந்தக் காலோடுதான் 1928 அல்ஸ்டர் கிராண்ட் பிரீயில் ரட்ஜ் வண்டியில் மணிக்கு 80 மைலுக்கு மேல் சராசரி வேகம் வைத்து ஜெயித்தார். நம் கணக்கில் ஏறக்குறைய 129 கிலோமீட்டர். அந்த வெற்றிக்குப் பிறகுதான் ரட்ஜில் 'அல்ஸ்டர்' என்றே ஒரு மாடல் வந்தது. 1931இல் ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தில் 250 சிசி பிரிவிலும் அவருக்கு வெற்றி.

இந்த மனிதர் 1938இல் 'மோட்டார் சைக்கிளிங்' வார இதழின் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே போர். பெட்ரோலுக்கு ரேஷன், காகிதத்துக்கும் ரேஷன், இளம் வாசகர்கள் பலர் போர்முனையில். வண்டியே ஓட்ட முடியாத நாட்டில் வண்டிப் பத்திரிகை நடத்துவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கில் வண்டிகள் எல்லாம் வாசலிலேயே நின்றபோது இதழ் போட்டுப் பார்த்த எங்களுக்கு அதில் ஒரு துளி தெரியும். வாக்கர் 1954 வரை அந்த இதழில் இருந்தார். பி.பி.சி. வானொலியில் பந்தய வர்ணனையும் செய்தார். பின்னாளில் பார்முலா 1 வர்ணனையில் உலகப் புகழ் பெற்ற மர்ரே வாக்கர் அவருடைய மகன்தான். அப்பாவும் மகனும் சேர்ந்து டி.டி. பந்தயத்தை வர்ணித்த காலமும் உண்டு. கடைசிக் காலத்தில் பியூலி என்ற இடத்து அருங்காட்சியகத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டார். 1962இல் காலமானார்.

வாக்கர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேய வார இதழ்கள் கம்பெனிகளிடம் கொஞ்சம் அதிகமாகவே பணிவு காட்டும். வண்டியில் எண்ணெய் ஒழுகினாலும், "இன்ஜினுக்கு வெளியிலும் எண்ணெய்ப் பதம் குறைவில்லை" என்கிற தோரணையில்தான் எழுத்து போகும். வாசகன் காசைக் கொடுத்து வாங்கிய பிறகுதான் விஷயம் புரியும்.

அந்தப் பழக்கத்தை உடைத்த கதைக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா போக வேண்டும். உடைத்தவருக்கு முன்னால் அங்கே ஃபிளாய்ட் கிளைமர் என்று ஒருவர் இருந்தார். சின்னப் பையனாக இருக்கும்போதே கார் விற்றவர். 1916இல் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவில் ஜெயித்தவர். 'இந்தியன்' மோட்டார் சைக்கிளுக்கு மேற்குக் கரை விநியோகஸ்தர். பழைய கார் விளம்பரங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டு விற்றார். ரிப்பேர் கையேடுகள், இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்துக்கு ஆண்டு மலர் என்று எதைத் தொட்டாலும் அச்சிட்டுக் காசாக்கத் தெரிந்த மனிதர். 1950களில் 'சைக்கிள்' என்ற மாத இதழை வாங்கி நடத்தினார். பெயர்தான் சைக்கிள், உள்ளே முழுக்க மோட்டார் சைக்கிள். நம் டவுன்ஹால் பக்கம் பிறந்திருந்தால் பெரிய மொத்த வியாபாரியாக வந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அவருடைய இதழில் வண்டிகளை மனம் நோகப் பேசமாட்டார்கள். விளம்பரம் கொடுப்பவரும் வண்டி விற்பவரும் பத்திரிகை நடத்துபவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்.

புல்லட் வாசகர்களுக்காக இடையில் ஒரு செய்தி. நின்றுபோன 'இந்தியன்' பெயருக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று கிளைமர் கடைசிக் காலத்தில் பாடுபட்டார். அப்போது அவர் உருவாக்கிய வண்டிகளில் ஒன்றில் ராயல் என்ஃபீல்டின் 750 சிசி இன்டர்செப்டர் இன்ஜின் இருந்தது. 1970 ஜனவரியில் அவர் இறந்துபோக, அந்த வண்டி சொற்ப எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. சென்னை திருவொற்றியூரில் அப்போதும் 350 சிசி புல்லட் நிதானமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

கிளைமரின் இதழ் கொடிகட்டிப் பறந்தபோதுதான், 1962 ஜனவரியில், ஜோ பார்க்ஹர்ஸ்ட் என்பவர் 'சைக்கிள் வேர்ல்ட்' இதழைத் தொடங்கினார். அதற்கு முன் கோ-கார்ட் பந்தய இதழில் வேலை பார்த்தவர். பெரிய முதலாளி இல்லை. அவர் செய்த புதுமை ஒன்றுதான்: வண்டியை எடை போட்டார்கள், ஸ்டாப் வாட்ச் வைத்து ஓட்டினார்கள், வந்த எண்களை அப்படியே அச்சிட்டார்கள். கம்பெனி விளம்பரத்தில் சொன்ன வேகம் வரவில்லையென்றால் வரவில்லை. பிரேக் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை. இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்குச் சில நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்தின. பார்க்ஹர்ஸ்ட் எண்களை நிறுத்தவில்லை. வாசகர்கள் கூடினார்கள். வாசகர் கூடிய பிறகு விளம்பரமும் திரும்பி வந்தது, அதுவேறு கதை.

இதில் நான் கவனிப்பது அவருடைய துணிச்சலைவிட, ஆசிரியரும் வெளியீட்டாளரும் அங்கே ஒருவராகவே இருந்ததைத்தான். "அந்தப் பத்தியை எடுத்துடுங்க" என்று மேலிருந்து போன் பண்ண ஆள் இல்லை. அதே சமயம் விளம்பரம் போனால் வட்டிக் கடன் அவர் தலையில்தான். சம்பளம் வாங்கும் ஆசிரியர் உண்மையை எழுதிவிட்டு வேலையை விடலாம். சொந்தக் காசு போட்டவருக்கு விடவும் முடியாது. உண்மையை எழுதிவிட்டு அடுத்த மாதமும் இதழ் கொண்டுவர வேண்டும். சின்னப் பத்திரிகை நடத்துகிற எவருக்கும் இந்த அவஸ்தை தெரியும். திருப்பூரில் சொந்தமாகப் பனியன் பிராண்ட் போட்டவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கிளைமர் விற்றுவிட்டுப் போன 'சைக்கிள்' இதழும் பிறகு சும்மா இருக்கவில்லை. பார்க்ஹர்ஸ்டிடம் தொழில்நுட்ப ஆசிரியராக இருந்த கோர்டன் ஜென்னிங்ஸ் அங்கே போய் ஆசிரியரானார். நம்ம ஊர் ஆர்எக்ஸ்100 பட்டறைகளில் சைலன்சரை வெட்டி ஒட்டி 'பிக்கப்' ஏற்றுகிற தம்பிகள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எக்ஸாஸ்ட் எவ்வளவு நீளம், எங்கே விரிய வேண்டும், எங்கே சுருங்க வேண்டும் என்கிற கணக்கைச் சாதாரண ஆளுக்கும் புரிகிற மாதிரி 1973இல் கையேடாகப் போட்டவர் அவர்தான். அவருக்குப் பின் வந்த ஆசிரியர் குக் நீல்சன், தன் டுகாட்டியைச் சக ஆசிரியர் ஃபில் ஷில்லிங்கோடு சேர்ந்து தயார்செய்து, 1977இல் டேடோனா சூப்பர்பைக் பந்தயத்தில் ஜப்பான் வண்டிகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளினார். பத்திரிகை ஆசிரியர் பந்தயம் ஜெயித்த கதை! ஆனால் அந்த இதழும் 1991இல் நின்றது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1970களில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். எந்த வண்டி கிடைக்கிறதோ அதுதான் நல்ல வண்டி. அந்த நாட்டில் விமர்சனம் எழுதி யாருக்கு என்ன பயன்? 1980இல் டிவிஎஸ் 50 வந்து பால்காரரையும் காய்கறிக்காரரையும் இன்ஜின் மேல் ஏற்றியது. 1984இல் இண்ட்-சுசூகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி100, அதே ஆண்டில் யமஹா ஆர்எக்ஸ்100 என்று ஜப்பான் கூட்டு வண்டிகள் வரிசையாக வந்தபோதுதான் "எதை வாங்கறது?" என்ற கேள்வியே பிறந்தது. அந்தக் கேள்வியோடுதான் வண்டிப் பத்திரிகைகளும் தலையெடுத்தன.

அவற்றில் பெரிய பெயர் புனேக்காரரான ஆதில் ஜல் தாருகானாவாலா. 'கார் அண்ட் பைக் இன்டர்நேஷனல்', பிறகு 1998இல் 'ஓவர்டிரைவ்', அப்புறம் 'பிசினஸ் ஸ்டாண்டர்டு மோட்டாரிங்', 'ஜிக்வீல்ஸ்' என்று ஒவ்வொன்றையும் தொடங்கி நிறுத்தியவர். 'நிறுத்தியவர்' என்றால் மூடியவர் என்று அர்த்தமில்லை, சொந்தக் காலில் நிற்க வைத்தவர். இன்னொருவர் ஆஸ்பி பத்தேனா. பந்தய வீரர். 'பைக் இந்தியா' இதழின் ஆசிரியராக இருந்தவர். இருவருமே புனே. ஏன் புனே என்றால் பஜாஜும் கைனடிக்கும் அங்கே, வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ.யும் அங்கே. தமிழில் 2007இல் 'மோட்டார் விகடன்' வந்து, வண்டியைப் பற்றித் தமிழில் படிக்கவும் ஆள் இருக்கிறார்கள் என்று காட்டியது. எங்களைப் போன்றவர்கள் அந்தத் தைரியத்தில்தான் கடை விரித்தோம்.

கோவையில் அதற்கும் முன்னோடி உண்டு. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன், கல்லூரி தொடங்குவதற்கு முன்பே, 1940களின் இறுதியில், 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழைத் தமிழில் கொண்டுவந்தார். இன்ஜினையும் அணுவையும் பற்றித் தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்ட காலம் அது. பல பத்தாண்டு அது ஓடியது. எங்கள் இதழில் ஒரு தொழில்நுட்பக் கட்டுரை சிக்கலாக வந்தால், பழைய கலைக்கதிரில் இதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று பார்ப்பது எங்கள் மேசையில் வழக்கம்.

ஆனால் கோவையில் வண்டிப் பத்திரிகை நடத்துவதில் வேறெங்கும் இல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது. செயினைப் பற்றி எழுதினால், அந்தச் செயினைச் செய்கிறவரே படிக்கிறார். ரோலான் செயின் இங்கே எல்.ஜி.பி.யில் ஆகிறது. ஸ்பீடோமீட்டர் பற்றி எழுதினால் பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் ஷிப்ட் முடித்து வருகிறவர் டீக்கடையில் பிரித்துப் படிக்கிறார். ஹாரன் என்றால் ரூட்ஸ். பஞ்சர் கடையில் காற்றடிக்கிற கம்பிரஸர் எல்ஜி. வார்ப்படம், லேத், கிரைண்டிங் என்று பீளமேடு முதல் கணபதி வரை வீட்டுக்கு ஒருவர் இரும்போடு பழகியவர். "ஏனுங்ணா, அந்த டாலரன்ஸ் கணக்கு எங்கீங்க எடுத்தீங்க?" என்று நேரிலேயே வந்து கேட்கிறார்கள். மும்பை ஆசிரியருக்கு விளம்பரதாரர்தான் பயம். எங்களுக்கு வாசகர். எனக்கு இந்தப் பயம் பிடித்திருக்கிறது. பார்க்ஹர்ஸ்ட் ஸ்டாப் வாட்ச் வைத்துச் செய்த வேலையை, எங்களுக்கு வாசகர்கள் வெர்னியர் காலிபர் வைத்துச் செய்துவிடுகிறார்கள்.

வண்டியைச் சோதிக்கவும் இந்த ஊரை அடித்துக்கொள்ள முடியாது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 1995இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதன் பெயரைத் தாங்கிய ஓடுதளம். மாருதி இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டி, காசில்லாத பையன்களையும் பந்தயத்துக்குள் இழுத்தவர் அவர். ஆனால் எங்கள் வாசகர் ஓடுதளத்தில் ஓட்டப் போவதில்லை. ஆகவே ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, பிரேக் சூடாகிறதா என்று இறங்கிப் பார்க்கிறோம். ஆடி மாதம் பல்லடத்திலிருந்து கேத்தனூர் வழியாக உடுமலைப் பக்கம் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் வந்து அடிக்கும். காற்றாலை சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? எடை குறைந்த 110 சிசி ஸ்கூட்டர் அந்தக் காற்றில் எப்படி நிற்கிறது என்பது எந்தக் கம்பெனிப் பிரசுரத்திலும் இருக்காது. காங்கேயத்திலிருந்து திருப்பூர் மில்லுக்கு அதில் தினமும் போய்வரும் பெண்ணுக்கு அது தெரிய வேண்டும். தாராபுரத்தில் இரண்டு பால் கேன் கட்டி எக்ஸ்எல் ஓட்டுகிறவருக்கு நாங்கள் எழுதும் 'டாப் ஸ்பீடு' தேவையே இல்லை. கேனோடு மைலேஜ் என்ன, பின் டயர் எத்தனை மாசம் வரும் என்பதுதான் அவர் கேள்வி.

ஆகத் தம்பி, படிப்பு எதுவானாலும் பரவாயில்லை. லீவு நாளில் ஒரு பட்டறையில் போய் உட்கார். ஒரு கார்புரேட்டரையாவது நீயே பிரித்து நீயே பூட்டு. நல்ல தமிழ் நிறையப் படி. வரவு செலவு எழுதப் பழகு, பத்திரிகையில் எழுதுகிறவர்கள் பலரும் அசட்டை செய்கிற வித்தை அது. யாராவது நல்ல ஓட்டலில் விருந்து வைத்து வண்டியைக் கொடுத்தால் விருந்தைச் சாப்பிடு, பிரேக்கைப் பற்றி மட்டும் தோன்றியதை எழுது. அப்பாவிடம் இது உத்தியோகம்தான் என்று சொல். பெரிய வருமானம் வரும் என்று மட்டும் சொல்லாதே.

இனி எல்லா வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததிலிருந்து புது வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் ஆகிவிட்டன. மின்சார வண்டியும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. கார்புரேட்டர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருப்பினால் எந்த வண்டி எப்படிப் பேசும் என்று காதாலேயே கண்டுபிடிக்கிற மெக்கானிக்குகள் ஈரோட்டிலும் கரூரிலும் கோபியிலும் இருக்கிறார்கள். வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பையன்கள் பலர் ஐ.டி.க்குப் போய்விட்டார்கள். அந்த மெக்கானிக்குகளுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜென்னிங்ஸ் எழுதிவைத்ததால் உலகம் படித்தது. நம் ஆட்களுடையதை யாரும் எழுதவில்லை.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கத்தை இதற்கென்றே ஒதுக்குகிறோம். உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போய் உட்காருங்கள். ஒரே ஒரு கோளாறு, அதை அவர் கண்டுபிடித்த விதம், சரிசெய்த விதம், இவ்வளவு போதும். எழுத வராது என்றால் போனில் அவர் பேசுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அவருக்குச் சம்மதமென்றால் பெயரும் பட்டறைப் படமும் போடுவோம், சன்மானம் அவருக்கே போகும். வண்டி எந்த மாடல், எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, செலவு எவ்வளவு ஆனது என்ற நாலும் மறக்காமல் இருக்கட்டும். பில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்க.